விறகு பாய்லருக்கு மாற்றாக கரண்ட் ஹீட்டர்: தானாக மாறும்படி ஒயரிங் செய்வது எப்படி?

குடந்தை_விடுதி

வணக்கம். கும்பகோணத்தில் 12 அறை உள்ள சின்ன விடுதி நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நவக்கிரகக் கோயில் சுற்றுகிறவர்கள். திங்களூரில் ஆரம்பித்து திருநள்ளாறு வரை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதால் விடிகாலை 4 மணிக்கு எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் குளியல்.

கொல்லையில் விறகு பாய்லர். இரண்டாவது மாடிக்கு மேல் மொட்டை மாடியில் 1000 லிட்டர் வெந்நீர் தொட்டி, சூடு இறங்காமல் பஞ்சு சுற்றித் தகடு அடித்தது. நடுவில் ஒரு பம்பு. தீ போடுகிறவர் இரவு 10 மணிக்குப் போய் 3 மணிக்கு வருவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகு ஈரம், அவருக்கும் சில நாள் வர முடிவதில்லை. அன்றைக்கு எனக்குக் காலையில் அர்ச்சனைதான்.

அதனால் தொட்டியில் 9 கிலோவாட் ஹீட்டர் போட்டு, தீ இல்லாதபோது அதுவே ஓடும்படி செய்ய நினைக்கிறேன். வெளிநாட்டு வீடியோ ஒன்றில் சூட்டைப் பார்த்துத் தானாக மாறும் சுவிட்சான தெர்மோஸ்டாட், அதில் மூன்று முனை உள்ளதை பாய்லர் பைப்பில் கட்டி, சூடு ஏறினால் பம்பு, சூடு இறங்கினால் மாற்று பாய்லர் என்று ஒரே சாமானில் முடித்துவிடுகிறார்கள். அதை அப்படியே செய்யலாமா? என் ஒயர்மேனிடம் காட்டினேன். "பண்ணிடலாம் சார்" என்றார். அவர் சொன்ன வேகம்தான் பயமாக இருக்கிறது.

2028 மகாமகத்துக்குள் அறைகளைக் கூட்டும் எண்ணமும் உண்டு. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஒட்டாவா_திருவாரூர்

அந்த வீடியோவில் இருப்பது எங்கள் ஊர் வீடுகளின் ஏற்பாடு என்று நினைக்கிறேன். திருவாரூர்க்காரன், இப்போது கனடாவில் இருக்கிறேன், என் வீட்டிலும் அதேதான். இங்கே குளிர் மைனஸ் 25 வரை போகும். வீட்டையே சூடாக்க வேண்டும், குளிப்பது அதில் ஒரு சின்னப் பகுதி. தோட்டத்தில் விறகு பாய்லர், நிலவறையில் எண்ணெய் பாய்லர். இரண்டும் தனித்தனி இயந்திரம், தனித்தனித் தண்ணீர்.

மூன்று முனை தெர்மோஸ்டாட்டில் நடு முனைக்குக் கரண்ட் வரும். சூடு ஏறினால் ஒரு முனையில் சேரும், இறங்கினால் மறுமுனையில் சேரும். விறகு பாய்லர் தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை எண்ணெய் பாய்லருக்கு உத்தரவு போகாது, பம்புக்குத்தான் போகும். தீ அணைந்து தண்ணீர் ஆறினால் பம்பு நின்று, எண்ணெய் பாய்லர் பற்றும். யோசனை நல்லதுதான்.

வீடியோவைப் பார்த்துச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கே எண்ணெய் பாய்லரின் உத்தரவு முனைகளில் பெரும்பாலும் 24 வோல்ட்தான் இருக்கும். வெறும் சுவிட்சு போல இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும், வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கக் கூடாது. அதே படத்தை வைத்துக்கொண்டு 230 வோல்ட்டை அதில் செலுத்தினால் கட்டுப்பாட்டு அட்டை போய்விடும். உங்கள் ஹீட்டருக்கு இந்தச் சிக்கல் வராது.

வெண்ணாற்றுக்கரை_ஒயர்மேன்

தம்பி, படத்தை அப்படியே போட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இரவு 10 மணிக்கு ஆள் போகிறார், 11 மணிக்குத் தணல் ஆறுகிறது. உடனே ஹீட்டருக்கு உத்தரவு. நடுராத்திரி யாரோ நாலு பக்கெட் பிடித்தாலும் மீட்டர் ஓடும். 3 மணிக்கு ஆள் வந்து இலவசம் போலத் தீ மூட்டும்போது, ஈபிக்குக் கட்ட வேண்டிய காசை முழுக்க ஏற்கெனவே கொட்டியிருப்பீர்கள்.

கணக்கு பாருங்கள். 1000 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 35 யூனிட் வேண்டும். 9 கிலோவாட்டில் கிட்டத்தட்ட 4 மணி நேரம். அதுவே காய்ந்த விறகென்றால், பாய்லர் பாதிச் சூட்டைப் புகைபோக்கியில் விட்டாலும் 15 முதல் 18 கிலோவில் முடிந்துவிடும்.

நான் கேட்பது வேறு. தொட்டி சூடாக இருக்கிறதா இல்லையா என்பதுதானே உங்களுக்கு வேண்டும்? பாய்லரில் தீ இருக்கிறதா என்று ஹீட்டருக்கு ஏன் தெரிய வேண்டும்? கனடாக்காரருக்கு இரண்டு இயந்திரம், அதனால் ஒன்றைப் பார்த்து ஒன்று நிற்க வேண்டும். உங்களுக்கு ஒரே தொட்டி. விறகு அதை 65க்கு ஏற்றட்டும். ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை 50ல் வையுங்கள். விறகு வேலை செய்தால் தொட்டி 50க்குக் கீழே வராது, ஹீட்டர் தலை காட்டாது. கூட ஒரு டைமர், இரவு 2 முதல் 5 வரை மட்டும். பைப்பில் கட்டும் அந்த மூன்று முனைச் சாமானே வேண்டாம்.

ஒட்டாவா_திருவாரூர்

ஒப்புக்கொள்கிறேன். தொட்டி ஒன்றே என்பதைச் சரியாகப் பிடித்தீர்கள்.

மன்னை_மில்

நான் நெல் அவிக்கும் மில்லில் உமி பாய்லர் பார்ப்பவன். நீராவி வேறு, வெந்நீர் வேறு என்றாலும் தீயும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் பயப்பட வேண்டியவை ஒன்றுதான். எல்லோரும் ஹீட்டரைப் பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் பம்பு உறுத்துகிறது.

கொழுந்துவிட்டு எரியும்போது கரண்ட் போனால் பம்பு நிற்கும். விறகுக்கு சுவிட்சு கிடையாது. பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் சில நிமிடத்தில் கொதிக்கும். அந்த நேரம் உங்கள் கொல்லையில் என்ன நடக்கும்?

இன்னொன்று. பாய்லர் தண்ணீர் 56, தொட்டி 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். பைப்பு தெர்மோஸ்டாட் 55ல் இருந்தால் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டியின் சூட்டைக் கீழே கொண்டுவந்து புகைபோக்கி வழியாக வெளியே விடும். ஹீட்டர் ஏற்றிய சூடும் இதே வழியில் போகும். பாய்லர் தொட்டியைவிட இத்தனை டிகிரி கூடுதலாக இருந்தால்தான் பம்பு ஓடலாம் என்று இரண்டு இடத்துச் சூட்டையும் ஒப்பிடும் கன்ட்ரோலர் வேண்டும்.

ஆனால் உங்களுக்குப் பம்பே எதற்கு? பாய்லர் தரையில், தொட்டி 25 அடி மேலே. சூடான தண்ணீர் தானாக மேலேறும், ஆறிய தண்ணீர் தானாக இறங்கும். பாய்லர் முழுக்கத் தொட்டிக்குக் கீழே இருப்பதால் தீ அணைந்த பிறகு திருப்பி ஓடும் தொல்லையும் பெரிதாக இராது. பைப்பு என்ன அளவு?

குடந்தை_விடுதி

முக்கால் அங்குல சிபிவிசி, வெந்நீருக்கான பிளாஸ்டிக் பைப்பு. விற்றவர்தான் பம்பு வேண்டும் என்றார். பாய்லரிலிருந்து மாடிப்படி வரை ஏழெட்டு அடி படுக்கையாகப் போய் அப்புறம் மேலே ஏறுகிறது.

மன்னை_மில்

முக்கால் அங்குலத்துக்குப் பம்பு வேண்டும்தான், அவர் சொன்னதில் தப்பில்லை. ஒன்றரை அங்குலம் போட்டால் வேண்டாம். ஒருமுறை செலவு.

விறகு பாய்லரிலிருந்து வரும் பைப்பில் சிபிவிசி வேண்டவே வேண்டாம். அது 80, 90 டிகிரி வரைதான். விறகு 100ஐத் தொடும், அன்றைக்குப் பைப்பு இளகித் தொங்கும். ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு போடுங்கள், அல்லது முழுக்கச் செம்பு. தொட்டியிலிருந்து அறைகளுக்குப் போகும் பைப்பில் சிபிவிசி இருக்கலாம். படுக்கைப் பகுதி முழுக்க மேல்நோக்கிய சாய்வில் இருக்க வேண்டும். எங்கேயாவது முதுகு மாதிரி வளைந்தால் அங்கே காற்று நின்று ஓட்டத்தை நிறுத்திவிடும்.

பாய்லருக்கும் தொட்டிக்கும் நடுவில் ஏறும் பைப்பில் கேட் வால்வு போடாதீர்கள். ரிப்பேருக்கு வசதி என்று பிளம்பர் போடுவார். யாராவது மூடிவிட்டுத் தீ மூட்டினால் அது குண்டு. தொட்டியின் தலையிலிருந்து ஒரு திறந்த பைப்பு, குளிர்நீர் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட நன்றாக உயரமாகப் போய், வளைந்து அந்தத் தொட்டிக்கு மேலேயே முடிய வேண்டும். கொதித்தால் நீராவி அந்த வழியாகப் போய்க்கொள்ளும். அதோடு பாய்லரிலேயே ஒரு சேஃப்டி வால்வு, அதன் வாய் ஆள் நடமாடாத பக்கம் பார்த்து.

சோழநாட்டு_சோலார்

இத்தனை தலைவலி எதற்கு? சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டுவிட்டால் முடிந்தது.

வெண்ணாற்றுக்கரை_ஒயர்மேன்

ஐப்பசி அடைமழையில் சூரியன் எந்த லாட்ஜில் தங்கியிருக்கிறார் என்று விசாரித்துச் சொல்லுங்கள். அவருக்கு மாற்று வேண்டிய மாதம் அது.

சோழநாட்டு_சோலார்

சரி சரி. அப்படியென்றால் காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்பு பாருங்கள். ஒரே சூட்டுக்குக் காயில் ஹீட்டர் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட்தான். நம் ஊர் வெக்கைக்கு நன்றாகவே வேலை செய்யும்.

வெண்ணாற்றுக்கரை_ஒயர்மேன்

தினமும் ஓடினால் அதுதான் லாபம். ஆண்டில் சில வாரம் ஓடும் மாற்றுக்கு அந்த முதல் போட வேண்டுமா என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

நாகை_உப்புக்காற்று

எங்கள் பக்க அனுபவம். 2018 நவம்பர் 16 கஜா அடித்தபோது கரண்ட் வரப் பல நாள் ஆனது, உள் கிராமங்களில் இன்னும் கூட. அப்போது வெந்நீர் கிடைத்தது விறகடுப்பு வைத்திருந்தவர்களுக்குத்தான். விழுந்த தென்னைதான் விறகு, ஈரத்தில் புகைந்து கண்ணைக் கரித்தது, ஆனாலும் எரிந்தது. அதனால் மன்னை அண்ணன் சொல்வதை நான் இரட்டிப்பாக வழிமொழிகிறேன். விறகுப் பக்கம் ஒரு சொட்டுக் கரண்டும் இல்லாமல் ஓட வேண்டும்.

தண்ணீர் என்ன தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லையே? போர் தண்ணீர் என்றால் காயில் மேல் சுண்ணாம்பு கட்டும். கட்டினால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாது, உள்ளேயே வெந்து வெடிக்கும். கடலோரம் என்றால் உப்பு அரிப்பும் சேரும். செம்பு உறைக் காயில் எங்களிடம் தாங்குவதில்லை, இன்கலாய் என்ற நிக்கல் கலப்பு உலோக உறை கேளுங்கள். தொட்டிக்குள் மக்னீசியம் கம்பி ஒன்று இருக்க வேண்டும், தொட்டிக்குப் பதில் அது கரையும். கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

குடந்தை_விடுதி

போர் தண்ணீர்தான். உப்புக் கரிக்காது, ஆனால் வாளியில் வெள்ளை படியும்.

ஒன்றரை அங்குல ஜிஐ போட முடிவு செய்துவிட்டேன். பம்பை எடுத்துவிடுகிறேன். அப்புறம் ஹீட்டரைத் தொட்டியில் எங்கே பொருத்த? விற்பவர் அடியில் என்கிறார்.

வெண்ணாற்றுக்கரை_ஒயர்மேன்

அடியில் வைத்தால் 1000 லிட்டரையும் சூடாக்க வேண்டும். பாதி உயரத்தில் படுக்கையாக வையுங்கள். சூடான தண்ணீர் மேலேயே நிற்கும், காயிலுக்குக் கீழே இருப்பது குளிராகவே கிடக்கும். ஆக 500 லிட்டர். அதை 30லிருந்து 50க்கு ஏற்ற 12 யூனிட்டுக்குள் ஆகிவிடும், ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். 50 டிகிரி வெந்நீர் 500 லிட்டரைப் பச்சைத் தண்ணீர் கலந்து 40க்குக் கொண்டுவந்தால் 900 லிட்டருக்குக் குறையாது. 25 லிட்டர் வாளியில் 36 பேர் குளிக்கலாம். 12 அறைக்குப் போதாதா? தெர்மோஸ்டாட்டின் முனை காயிலுக்கு ஓரடி மேலே இருக்கட்டும், அடியில் வைத்தால் எப்போதும் குளிர் என்றே சொல்லும்.

இந்தக் கணக்கில் டைமரை 2 மணிக்குத் தொடங்கினால் 4 மணிக்குத் தயார். டைமர் வாங்கும்போது உள்ளே பேட்டரி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் மணி பின்தங்கி, ஒரு மாதத்தில் விடிந்த பிறகு ஹீட்டர் போடும்.

இப்போது ஒயரிங். 3 கிலோவாட் காயில் மூன்று, ஒவ்வொரு பேஸிலும் ஒன்று. ஒரு காயிலுக்கு 13 ஆம்பியர். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், கரண்ட் அதிகமானால் விழும் 20 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் கசிந்தால் விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, மூன்று பேஸ் காண்டாக்டர் ஒன்று, அதாவது உள்ளே ஒரு காந்தக் காயிலுக்குத் துளி கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டைச் சேர்க்கும் சுவிட்சு. காண்டாக்டரில் இரண்டு ரேட்டிங் எழுதியிருக்கும். ஹீட்டருக்கு ஏசி-1 என்று இருப்பதைப் பாருங்கள், அதில் 25 ஆம்பியராவது வேண்டும். தெர்மோஸ்டாட் வழியாக ஹீட்டர் கரண்ட் போகக் கூடாது, காண்டாக்டர் காயிலுக்கான துளி கரண்ட்தான் போக வேண்டும்.

அந்தத் துளி கரண்ட் போகும் வழியில்தான் வேலை முழுக்க இருக்கிறது. ஒரு பேஸிலிருந்து சின்ன எம்சிபி. அடுத்து தண்ணீர் மட்ட மிதவை சுவிட்சு, காயில் தெரியும் அளவுக்குத் தண்ணீர் இறங்குமுன் பிரிய வேண்டும். அடுத்து உச்ச சூட்டுக் கட், 85 டிகிரியில் பிரிந்து, கையால் அழுத்தினால்தான் திரும்பச் சேரும் வகை. அப்புறம் டைமர். அப்புறம் தொட்டி தெர்மோஸ்டாட். அதிலிருந்து காண்டாக்டர் காயிலின் ஒரு முனை. காயிலின் மறுமுனை நேராக நியூட்ரலுக்கு. எல்லா சுவிட்சும் பேஸ் பக்கம் மட்டும். சிலர் இடவசதிக்காக ஒன்றை நியூட்ரலில் வைப்பார்கள். அப்படி வைத்தால் ஒயர் எங்காவது எர்த்தில் பட்டதும் அந்த சுவிட்சு இருந்தும் இல்லாத கதை.

பட்டுக்கோட்டை_பொறியாளன்

இதற்கெல்லாம் வைஃபை கன்ட்ரோலர் வந்துவிட்டது. போனிலேயே தொட்டிச் சூடு பார்த்து ஆன் செய்யலாம். மிதவை, டைமர், தெர்மோஸ்டாட் எல்லாம் ஒரே பெட்டியில்.

வெண்ணாற்றுக்கரை_ஒயர்மேன்

பார்ப்பதற்கு வையுங்கள், நல்லதுதான். உச்ச சூட்டுக் கட்டையும் மிதவையையும் அதனிடம் ஒப்படைக்காதீர்கள். அவை ஒயரில் நேராக இருக்க வேண்டும். பெட்டி தொங்கிப்போனாலும் அவை பிரிய வேண்டும்.

பட்டுக்கோட்டை_பொறியாளன்

அது நியாயம் அண்ணே. ஆனால் நீங்கள் சொன்ன வரிசையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. காண்டாக்டரின் முனைகளே ஒட்டிக்கொண்டால்? காயிலுக்குக் கரண்ட் நின்றாலும் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். உச்ச கட்டும் அதே காண்டாக்டரைத்தானே நிறுத்துகிறது?

வெண்ணாற்றுக்கரை_ஒயர்மேன்

நல்ல கேள்வி. அதற்கு இரண்டாவது காண்டாக்டர் ஒன்று முன்னால் வைத்து, மிதவையும் உச்ச கட்டும் அதை மட்டும் பிடித்திருக்கும்படி செய்யலாம். டைமரும் தெர்மோஸ்டாட்டும் பின்னால் இருப்பதைப் பார்த்துக்கொள்ளும். முன்னால் இருப்பது தினமும் டக் டக் என்று அடிக்காது, அதனால் ஒட்டாது. செலவு அதிகமில்லை. 12 அறையில் ஆட்கள் தூங்குகிற இடம், செய்துவிடுங்கள் தம்பி.

நாகை_உப்புக்காற்று

மூன்று பேஸில் ஒன்று அடிக்கடி போகிறதே, அதற்கு பேஸ் ரிலே வேண்டாமா?

வெண்ணாற்றுக்கரை_ஒயர்மேன்

மோட்டாருக்குக் கட்டாயம். ஹீட்டருக்கு ஒரு பேஸ் போனால் எதுவும் எரியாது, 9 கிலோவாட் 6 ஆகும், அவ்வளவுதான். நியூட்ரல் போவதுதான் ஆபத்து. அப்போது ஒரு பேஸில் 230க்குப் பதில் 350, 400 வரை ஏறும், டைமரும் டிவியும் சேர்ந்து போகும். வோல்டேஜ் ஏறினால் பிரிக்கும் ரிலே ஒன்றை விடுதி முழுமைக்கும் வைப்பது நல்லது, ஹீட்டருக்காக மட்டும் அல்ல.

ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ?

குடந்தை_விடுதி

7.5.

வெண்ணாற்றுக்கரை_ஒயர்மேன்

அப்படியானால் ஹீட்டர் லைனை, ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு முன்னால், ஈபி பக்கத்திலேயே எடுங்கள். கட்டுப்பாட்டு லைனும் அங்கிருந்தே. 2 மணிக்கு ஜெனரேட்டர் ஓடும்போது டைமர் 9 கிலோவாட்டைத் தூக்கி அதன் தலையில் வைத்தால் விடுதியே இருட்டு.

ஒட்டாவா_திருவாரூர்

சட்டப்படி இதற்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வர வேண்டுமா? இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு அனுமதி.

மன்னை_மில்

எங்கள் மில் பாய்லருக்கு வேண்டும், அது நீராவி. 1923 சட்டத்தில் நீராவி உண்டாக்கும் அழுத்தக் கலன்தான் பாய்லர். தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே சூடாக்குவது அதில் வராது. அதற்குப் பதிலாக 2025ல் வந்த புதிய சட்டத்திலும் அதே விலக்கு உண்டு. இவருடையது திறந்த பைப்பு உள்ளது, 30 அடித் தண்ணீர் என்றாலும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவைத் தொடாது. அந்தத் திறந்த பைப்பை அடைத்தால் இந்தப் பேச்செல்லாம் செல்லாது.

குடந்தை_விடுதி

எல்லோருக்கும் நன்றி. எழுதி ஒயர்மேனிடம் கொடுக்கப் போகிறேன்: ஒன்றரை அங்குல ஜிஐ, பம்பு இல்லை, ஏறும் பைப்பில் கேட் வால்வு இல்லை. ஹீட்டர் பாதி உயரத்தில், 50 டிகிரி, 2 முதல் 5 வரை டைமர். காண்டாக்டர் இரண்டு. ஈபி பக்கத்திலிருந்து லைன். கூட ஒரு ஆட்டோ / மேனுவல் சுவிட்சும் கேட்டிருக்கிறேன், பண்டிகை நாளில் எந்த நேரமும் போட்டுக்கொள்ள.

பட்டுக்கோட்டை_பொறியாளன்

அந்த மேனுவல் எதைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள் சார். டைமரை மட்டும்தான் தாண்ட வேண்டும். பல பேனலில் மேனுவல் என்றால் நேராகக் காண்டாக்டர் காயிலுக்கே கரண்ட் கொடுத்துவிடுகிறார்கள், தெர்மோஸ்டாட், மிதவை எல்லாம் வேடிக்கை பார்க்கும்.

வெண்ணாற்றுக்கரை_ஒயர்மேன்

சரியாகச் சொன்னார். இன்னும் இரண்டு. தொட்டி, ஜிஐ பைப்பு, பேனல் பெட்டி மூன்றையும் எர்த்தில் சேர்க்க வேண்டும், அறைகளில் ஈரக் கையோடு குழாயைத் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், ஹீட்டரை மாசக் கணக்கில் சும்மா போடாதீர்கள். காயிலுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் இழுக்கும். தேவைப்படும் அன்றைக்குப் போட்டதும் ஆர்சிசிபி விழும். உடனே யாராவது "ஆர்சிசிபிதான் தொல்லை" என்று அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுப்பார்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட விடுங்கள்.

குடந்தை_விடுதி

வெள்ளிக்கிழமை மதியம் வைத்துக்கொள்கிறேன், அறைகள் காலியாக இருக்கும் நேரம். மின்பளு கூட்ட விண்ணப்பம் போட வேண்டும் என்று இப்போதுதான் உறைக்கிறது. இருப்பது 12 கிலோவாட், ஏசிகளே 8க்கு மேல். ஹீட்டர் வாங்குமுன் போடவா, வாங்கிய பிறகா?

வெண்ணாற்றுக்கரை_ஒயர்மேன்

முன்னால். பளு கூடி வந்த பிறகு ஹீட்டர் வாங்கினால் போதும். அதுவரை பைப்பு வேலையை முடியுங்கள், மழைக்கு முன் அதுதான் அவசரம்.